நோயாளர் ஏடும் வைத்தியசாலை நிகண்டும்

ஒருவனுடைய நோயின் வரலாறு எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்னும் வினாவை நம்மவர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஊர்ப் பரிகாரியார் இருந்த காலத்தில் அவ்வினாவுக்கு இடமே இருக்கவில்லை. தகப்பனுக்கு நாடி பார்த்தவரே மகனுக்கும் நாடி பார்த்தார். பேரனுக்கு மாந்தம் கண்டபோது பாட்டியின் தேகவாகு இன்னதென்று நினைவிலிருந்தே சொன்னார். ஏடு முழுவதும் ஒருவர் நெஞ்சில் இருந்தது. அவர் காலமானபோது ஏடும் கூடவே போயிற்று. அஃது அம்முறையின் குறை.

இன்றைய நிலை வேறு. சலரோகத்துக்கு ஆதார வைத்தியசாலையிலும், இருதயத்துக்குப் போதனா வைத்தியசாலையிலும், கண்ணுக்குத் தனியார் மருத்துவமனையிலும், குருதிச் சோதனைக்குச் சந்தியிலுள்ள ஆய்வுகூடத்திலும் பெயர் பதிந்திருக்கும் முதியவர்கள் நம் ஊர்தோறும் உளர். அவர்களுடைய ஏடு நான்காகக் கிழிந்து நான்கிடங்களிற் கிடக்கின்றது. கிழிந்தவற்றை ஒன்றாகக் கட்டும் நூல் யாதெனில், நோயாளர் கையிலே தொங்கும் சீலைப்பையேயாம். கிளினிக் கொப்பி, எக்ஸ்றே படம், வைத்தியசாலையை விட்டு வரும்போது தந்த அட்டை, ஆய்வுகூடத் துண்டுகள் ஆகிய யாவும் அப்பையினுள்ளே அடங்கும். பையில் இருப்பது வைத்தியர் கண்ணுக்குப் புலனாகும். பையில் இல்லாதது உலகத்திலேயே இல்லாததாகும்.

என் அயலில் வாழும் இளைப்பாறிய ஆசிரியை ஒருவரை ஓர் இரவு மூச்சுத் திணறலுடன் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். அவசரத்திலே கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் தங்கிவிட்டது. "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று வைத்தியர் கேட்டார். "ஏதோ ஓர் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொல்லுவா, பெயர் தெரியாது" என்றார் மகள். பின்னர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, பத்து வயதுப் பேரனை எழுப்பி, கொப்பியின் முன்னட்டையிலே சிவப்பு மையால் எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொன்னார்கள். பையன் வாசித்தான், பெனிசிலின் என்று தெரிந்தது. அன்றிரவு ஒரு குடும்பத்தின் மருத்துவ வரலாறு முழுவதும் நித்திரைக் கலக்கத்திலிருந்த ஒரு சிறுவனுடைய எழுத்துக்கூட்டலிலே தங்கியிருந்தது.

ஒரு பிரதேசத்திலுள்ள வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் தத்தம் நோயாளர் பதிவுகளைக் கணினியில் எழுதி, வேண்டும்போது ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி இப்பொழுது எங்கும் பேசப்படுகின்றது. இலத்திரனியல் சுகாதாரப் பதிவேடு என்று அதற்குப் பெயர். தமிழ் படிப்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன அலுவல் என்று வாசக அன்பர்கள் கேட்பர். கணினி வாங்கிக் கம்பி இழுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். இத்துறையில் நெடுநாள் உழைத்தவர்களின் வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. அவர்கள் இடறி விழுந்த இடம் சொல். எழுந்து நின்றதும் சொல்லைப் பிடித்துக்கொண்டே. சொல்லென்றால் எம்போன்றோருக்கும் பேச உரிமையுண்டன்றோ?

அமெரிக்காவில் இந்தியானா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகர் இந்தியானாப்பொலிஸ். அம்மாநிலத்தில் சாம் றீகன்ஸ்றீவ் என்பவர் பாத்திரங் கழுவும் இயந்திரம் செய்து விற்றுப் பெருஞ்செல்வரானார். தொழிற்சாலையிலே வீண்செலவையும் வீண்வேலையையும் குறைக்கத் தெரிந்த அவருக்கு, வைத்தியசாலைகளில் அவை மலிந்து கிடப்பது உறுத்தியது. அவர் பெயரால் 1969ஆம் ஆண்டில் அந்நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1972ஆம் ஆண்டளவில் கிளெமன்ற் மக்டொனல்ட் என்னும் வைத்தியர் அங்கு வந்து, ஏழைகளுக்குரிய பொது வைத்தியசாலை ஒன்றிலே நீரிழிவு நோயாளர் சிலரின் பதிவுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார். அக்காலத்துக் கணினி ஓர் அறையை அடைத்து நின்றது என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

மக்டொனல்ட் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையொன்று இத்துறையிற் புகழ்பெற்றது. நோயாளரின் பதிவைக் கணினி பார்த்து, 'இன்ன சோதனை செய்யவேண்டும்', 'இன்ன மருந்தை மாற்றவேண்டும்' என்று வைத்தியருக்கு ஒரு துண்டிலே நினைவூட்டியது. நினைவூட்டல் கிடைத்தபோது வைத்தியர்கள் நூற்றுக்கு 51 தடவை உரியதைச் செய்தனர். கிடைக்காதபோது 22 தடவையே செய்தனர். இருமுறையும் அதே வைத்தியர்கள்தாம். அறியாமையால் நேர்ந்த தவறன்று, மனித மனம் அத்தனையையும் ஒருங்கே வைத்திருக்க இயலாமையால் நேர்ந்தது என்பது அவர் கண்ட முடிபு. கட்டுரையின் தலைப்பிலேயே 'மனிதன் முழுநிறைவு எய்த இயலாமை' என்னும் கருத்துப்படும் தொடரைச் சேர்த்திருந்தார். வைத்திய சஞ்சிகையில் வந்த தலைப்பாயினும் தத்துவ நூலொன்றுக்கும் பொருந்தும்.

ஒரு வைத்தியசாலைக்குள் இது நன்றாக நடந்தது. ஆயின் நோயாளர் ஒரு வைத்தியசாலைக்குக் கட்டுப்பட்டு நிற்பவரல்லர். நெஞ்சுவலி வந்தவர் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவாரேயன்றித் தம் பதிவு எங்கே இருக்கின்றதென்று தேடிப் போகார். ஆகவே 1990களில் இந்தியானாப்பொலிஸ் நகரத்து வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை இணைக்கும் முயற்சி தொடங்கிற்று. அப்பொழுதே சொல் என்னும் கல் காலில் இடறியது.

ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி எவ்வடிவில் அனுப்புவது என்பதற்கு 1987ஆம் ஆண்டு முதலே ஓர் உடன்பாடு உருவாகி வந்தது. அதனை ஒரு கடிதவுறை என்று கொள்க. முகவரி எங்கே எழுதுவது, திகதி எங்கே எழுதுவது என்பன வரையறுக்கப்பட்டன. உறை ஒழுங்காக வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த கடிதமோ அனுப்பியவர் பாஷையில் இருந்தது. ஓர் ஆய்வுகூடம் 'குளுக்கோசு' என்று எழுதியதை மற்றொன்று 'சீரக் குளுக்கோசு' என்றது. இன்னொன்று 'சுகர், உண்ணாநிலை' என்றது. வேறொன்று தனக்கு மாத்திரம் விளங்கும் ஒரு குறியீட்டெண்ணை இட்டது. மனிதன் பார்த்தால் ஒருவாறு ஊகித்துக்கொள்வான். கணினிக்கு ஊகம் இல்லை. நான்கு பெயரும் அதற்கு நான்கு பொருள்களே.

சூடாமணி நிகண்டை மனப்பாடஞ் செய்தவர்களுக்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. திவாகரமும் பிங்கலந்தையும் சூடாமணியும் எதற்காக எழுந்தன? ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதும், ஒரு பெயர் பல பொருளில் வருவதும் கற்போரை மயக்குமாதலின், அவற்றைத் தொகுத்துக் காட்டுதற்கே எழுந்தன. சூடாமணியின் பன்னிரண்டு தொகுதிகளில் முதற் பத்தும் ஒருபொருட் பல்பெயரைச் சொல்லுவன. பதினோராவது ஒருசொற் பல்பொருளைச் சொல்லுவது. வைத்தியசாலையில் இவ்விரு மயக்கமும் ஒருங்கே உள்ளன. அங்கே மயங்கினால் போவது பரீட்சைப் புள்ளியன்று. 'எம்.எஸ்.' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களை ஒருவர் மோர்பீன் சல்பேற்று என்று கருதி எழுத, மற்றொருவர் மகனீசியம் சல்பேற்று என்று வாசிக்கக்கூடும். அளவின் பின்னே அலகு என்பதற்குச் சுருக்கமாக இடும் 'யூ' என்னும் ஆங்கில எழுத்தைக் கையெழுத்திலே பூச்சியமாக வாசித்தால் 10 அலகு இன்சுலின் 100 அலகாகிவிடும். அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் சபை 2004ஆம் ஆண்டில் இத்தகைய சுருக்கங்களுக்கென்றே ஒரு விலக்குப் பட்டியலை விதித்தது.

றீகன்ஸ்றீவ் நிலையத்தார் 1994ஆம் ஆண்டில் ஒரு நிகண்டு செய்யத் தலைப்பட்டனர். அதன் பெயர் லோயிங்க். ஆய்வுகூடச் சோதனை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பதே அதன் தொழில். எண் கொடுப்பது எளிது. எதற்கு எண் கொடுக்கின்றோம் என்று வரையறுப்பதே அரிது. ஆறு வினாக்களை அவர்கள் எழுப்பிக்கொண்டனர். அளக்கப்படுவது எது? அதன் எவ்வியல்பு அளக்கப்படுகின்றது, நிறையா, மூல் எண்ணிக்கையா? ஒரு கணத்து அளவா, இருபத்துநான்கு மணி நேரத்து அளவா? எதிலிருந்து எடுத்தது: குருதியா, சீரமா, சிறுநீரா? விடை எண்ணாக வருமா, 'உண்டு', 'இல்லை' என்று சொல்லாக வருமா? வேண்டுமிடத்து, எம்முறையால் அளந்தது?

இதைப் படித்தபோது எனக்குத் தொகைநிலைத் தொடர் படிப்பிக்கும் பாடவேளை நினைவுக்கு வந்தது. 'கல்லெறிந்தான்' என்பது தொகை. கல்லை எறிந்தானா, கல்லால் எறிந்தானா என்பது விரித்தாலன்றித் தெரியாது. சொல்பவனும் கேட்பவனும் ஓரிடத்தில் நின்றால் தொகையே போதும். கண்ணெதிரே கல் கிடக்கின்றது. வைத்தியரொருவர் தம் கொப்பியில் 'சுகர் 126' என்று எழுதுவதும் அத்தகைய தொகையே. அது மற்றோர் ஊருக்குப் போகும்போது விரிக்கப்படல் வேண்டும். சீரத்திலோ குருதித் திரவவிழையத்திலோ ஒரு கணத்தில் எடுத்த குளுக்கோசின் நிறைச்செறிவு, எண்ணளவாக, என்று விரித்தால் அதற்கு லோயிங்க் தரும் எண் 2345-7. அதனையே மூல் கணக்கிற் சொன்னால் 14749-6. அதே சீனிதான், அதே குருதிதான். 100 மில்லிலீற்றரில் 126 மில்லிகிராம் என்று ஓரிடத்தில் எழுதுவதை மற்றோரிடத்தில் லீற்றருக்கு 7 மில்லிமூல் என்று எழுதுவர். வேறுபாடு தெரியாத கணினி இரண்டையும் ஒரே நிரலில் வைத்தால், 126 இருந்த சீனி மறுநாள் 7 ஆக வீழ்ந்துவிட்டதென்று அபாயமணி அடிக்கும்.

அவ்வெண்ணின் கடைசியில் கோட்டுக்கு அப்பால் நிற்கும் இலக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது முன்னுள்ள இலக்கங்களிலிருந்து ஒரு கணக்கால் வருவது. எழுதுவோர் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டால் கடைசி இலக்கம் ஒவ்வாது நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஏடெழுதுவோர் பிழையால் நம் பழைய நூல்கள் பட்ட பாட்டை அறிந்த எனக்கு, இவ்வொரு காவல் அக்காலத்தில் இருந்திருந்தால் பதிப்பாசிரியர்களுக்கு எத்துணைத் துன்பம் குறைந்திருக்கும் என்று பெருமூச்செறியத் தோன்றிற்று.

இன்று லோயிங்க் நிகண்டில் 100,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. எவரும் பணங்கொடாமற் பயன்படுத்தலாம். ஆயினும் நிகண்டு கையிலிருந்தால் மாத்திரம் ஆகாது. ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு நேரானது இவ்வெண் என்று பொருத்தவேண்டும். விளம்பரத்தில் வாராத வேலை, ஆண்டுக்கணக்கிற் செல்வது, சோதனையின் நுட்பமும் சொல்லின் நுட்பமும் ஒருங்கே அறிந்தவர் இருந்து செய்யவேண்டியது. கணினி விற்பவர் தரும் விலைப்பட்டியலில் இது பெரும்பாலும் கடைசி வரியில் நிற்கும். செலவிலும் காலத்திலும் முதல் வரிக்கு வரவேண்டியது இதுவே என்பேன்.

சோதனையின் பெயருக்கு அடுத்தது மனிதனின் பெயர். இரு வைத்தியசாலைகளிலும் பதிந்திருப்பவர் ஒருவரேயென்று எங்ஙனம் தெளிவது? அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒவ்வொருவருக்கும் தனிச் சுகாதார எண் வேண்டுமென்றது. அந்தரங்கம் போய்விடும் என்று அச்சம் எழ, 1998 முதலாக அதற்குப் பணம் செலவிடலாகாதென்று அந்நாட்டுக் காங்கிரசே தடைவிதித்தது. ஆகவே பெயர், பிறந்த திகதி, பால், முகவரி என்பவற்றை ஒப்புநோக்கியே ஆளைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. பெயரை எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டாற் பயனில்லை, ஒலியால் ஒப்பிடவேண்டும். அதற்கு அவர்கள் கையாண்ட உபாயங்களுள் ஒன்று மிகப் பழையது. றொபேட் றசல் என்பவர் 1918ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற முறை அது. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களைத் தள்ளி, ஏனைய மெய்களை வாயில் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஒட்டி ஆறு இனமாக்கி எண்ணிடுவது. இதழிற் பிறப்பனவற்றுள் மூக்கொலியல்லாதன ஓரெண். நாநுனி பல்லை ஒட்டப் பிறப்பன ஓரெண். தொல்காப்பியத்துப் பிறப்பியல் படித்தவர்கள் இதைக் கண்டு புன்னகை செய்வர்.

நம் பெயர்களை அம்முறையிடம் ஒப்படைத்தால் என்னாகும் என்று மாணவர்கள் சிந்திக்கலாம். சண்முகநாதன் என்னும் ஒரு பெயரின் முதலெழுத்தையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவோர் உளர். ழகரத்துக்கு எத்தனை வேடம்! தகப்பன் பெயரை முன்னே எழுதுவதும் பின்னே எழுதுவதும் உண்டு. முதலெழுத்தை மாத்திரம் இட்டால் சகோதரர் இருவர் ஒருவராவர். விரித்து எழுதினால் ஒருவரே இருவராவர். ஒருவருடைய குருதி வகை மற்றொருவரின் ஏட்டில் ஏறுவதை விட ஏடே இல்லாமலிருப்பது நன்று. நம் அரசாங்க வைத்தியசாலைகளிலே தனிநபர் சுகாதார இலக்கம் என ஓரெண் வழங்கத் தொடங்கியிருப்பதை இதனாலேயே நான் வரவேற்கின்றேன். எண்ணுக்கு எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் இல்லை. முன்னர்ச் சொன்ன காவலிலக்கம் கூட இருந்தால் மறதிப்பிழையும் அகப்பட்டுவிடும்.

இவ்வளவு பாடுபட்டதன் பயன் யாது? இந்தியானாப்பொலிசிலே இரு வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் இதை அளந்து பார்த்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிறவிடத்துப் பதிவு கைக்கு வந்தபோது ஒரு வைத்தியசாலையில் ஒரு வருகைக்கு 26 டொலர் அளவு செலவு குறைந்தது. மற்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இச்சிறு பயனை மறையாது சொன்னமையால் அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உயர்ந்தது. பெனிசிலின் ஊசி ஒன்று போடப்படாமற் போனதன் பெறுமதி டொலர்க் கணக்கில் வாராது என்பதும் உண்மை. அதற்காகக் கணக்கை மறுப்பது சரியன்று.

கணக்கை நேராகப் பாராது கெட்டதற்கும் அதே நாட்டில் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவிலுள்ள சாந்தா பார்பரா மாவட்டத்தில் 1990களின் இறுதியில் இத்தகையதோர் இணைப்பு முயற்சி தொடங்கிற்று. கலிபோர்னியா சுகாதார மன்றம் 10 மில்லியன் டொலர் வழங்கியது. நாடு முழுவதும் அதை முன்மாதிரி என்று பேசியது. அதன் தலைவர் 2004ஆம் ஆண்டில் நாட்டுச் சுகாதாரத் தகவல் தொழினுட்பத்தின் முதல் இணைப்பாளராகவும் நியமனம் பெற்றார். 2006ஆம் ஆண்டு மார்கழியில் இணைப்பு மூடப்பட்டது. இயந்திரம் வேலை செய்யாமையால் மாத்திரம் மூடவில்லை. தாமதம் ஒருபுறம்; பதிவு வெளியே கசிந்தால் பொறுப்பு யாருடையது என்னும் அச்சம் ஒருபுறம். நன்கொடை தீர்ந்தபின் சந்தா கொடுக்க எவ்வைத்தியசாலையும் முன்வராமை எல்லாவற்றிலும் பெரிது.

ஏன் முன்வரவில்லை? பதிவைக் கொடுப்பவர் ஒருவர், அதனாற் பயனடைபவர் இன்னொருவர். ஓரிடத்தில் எடுத்த ஸ்கானை மற்றோரிடத்தார் பார்த்துவிட்டால் இரண்டாம் ஸ்கான் வேண்டாம். நோயாளருக்கு அது இலாபம், இரண்டாமிடத்தாருக்கு அது நட்டம். ஒரே சந்தியில் எதிரெதிரே கடை வைத்திருப்போர் வாடிக்கையாளர் கொப்பியை மாற்றிக்கொள்வார்களா? இந்தியானாக்காரர் இதனை உணர்ந்து வேறு வழியில் நடந்தனர். 2004ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவிய பரிமாற்றச் சபை, ஆய்வுகூட முடிவுகளை வைத்தியர்களின் அலுவலகங்களுக்கு நாடோறும் கொண்டுசேர்க்கும் வேலையை முதலில் ஏற்றது. வைத்தியசாலைகள் தபாலுக்கும் ஆளுக்கும் செலவழித்துவந்த பணத்தை விடக் குறைந்த கூலிக்கு அவ்வேலை நடந்தது. ஆகவே கூலி மனமுவந்து கொடுக்கப்பட்டது. தபாற்காரனாக உட்புகுந்தவர் பிறகு ஏடுகாப்பவராக வீட்டில் அமர்ந்துகொண்டார். இன்று அச்சபையில் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் சேர்ந்துள்ளன.

அச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நோய் நம் சமூகத்திலே உடம்பைப் பற்றிய செய்தி மாத்திரமன்று. ஒரு வீட்டில் வலிப்போ மனநோயோ உண்டென்று வெளிவந்தால் அவ்வீட்டுப் பெண்ணின் கலியாணப் பேச்சு அன்றே நின்றுவிடும். சிங்கப்பூர் போன்ற ஒழுங்கு மிகுந்த நாட்டிலேயே 2018ஆம் ஆண்டில் 15 இலட்சம் நோயாளரின் விபரங்கள் களவாடப்பட்டன. பிரதம மந்திரியின் பதிவும் அதற்குத் தப்பவில்லை. ஆதலின் அஞ்சுவோரை அறியாதவர் என்று இகழ்தல் தகாது. எஸ்தோனியா என்னும் சிறுநாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் நடைபெறும் நாடளாவிய பதிவேட்டில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. தன் ஏட்டை எவர் எப்பொழுது திறந்து பார்த்தார் என்பதை நோயாளரே தாம் கணினியில் கண்டுகொள்ளலாம். காரணமின்றித் திறந்தவரைக் கேள்வி கேட்கலாம். அயல்வீட்டுக்காரர் வைத்தியசாலையில் உத்தியோகம் பார்க்கும் நம்மூர்களுக்கு இவ்விதி இன்றியமையாதது என்பது என் துணிபு.

அச்சத்தை மறுபுறமும் நிறுக்கவேண்டும். 2005ஆம் ஆண்டு கத்தரீனாப் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது வைத்தியசாலைகளிலிருந்த காகிதப் பதிவுகள் நீரில் ஊறி அழிந்தன. புற்றுநோய்க்கு இடைநடுவில் மருந்தேற்றிக்கொண்டிருந்தோர், எம்மருந்து எத்தனையாம் முறை என்பது தெரியாமல் வேறு மாநிலங்களில் நின்றனர். இளைப்பாறிய போர்வீரர்களின் வைத்தியசாலைகளில் மாத்திரம் பதிவு கணினியில் இருந்தமையால், அவர்கள் எங்கே ஒதுங்கினும் ஏடு கூடவே சென்றது. இதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே, 2004ஆம் ஆண்டு மார்கழியில், ஆழிப்பேரலை நம் கரையோர வைத்தியசாலைகளைத் தாக்கியது. போர்க்காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்ற எம்மக்கள் முதலில் இழந்தவை காகிதங்களே என்பதை இப்பத்திரிகை வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, என் தொழிலுக்கு நேரே உரிய ஒரு விஷயம். நம் நாட்டில் நோயாளரின் ஏடு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அதைச் சுமப்பவருக்கு அது வாசிக்கத் தெரியாத ஏடு. ஏட்டை நோயாளருக்குத் திறந்துகாட்டுதல் என்று எஸ்தோனியாவைப் போல நாமும் ஒருநாள் சொல்லும்போது, எம்மொழியில் திறப்போம்? லோயிங்க் நிகண்டின் அமைப்பு இங்கே கைகொடுக்கின்றது. எண் மாறாது, அதன் எதிரே பெயரைப் பிரெஞ்சிலும் எழுதலாம், சீனத்திலும் எழுதலாம். தமிழில் எழுதுவதற்கும் தடையில்லை. எழுத ஆள் வேண்டும்.

இதற்கு முன்னோடி நம்மூரிலேயே இருந்தார். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரிலிருந்து 1847ஆம் ஆண்டில் வந்து மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்த சாமுவேல் கிறீன் பின்னாளில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே பாடம் நடத்தினார். மாணாக்கரைக் கொண்டு நூல்களையும் பெயர்த்தார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. தலைப்புக்களையே பாருங்கள். வடசொல்லை ஆளத்தக்க இடத்தில் வடசொல். பெயரில்லாத புதுச் சாத்திரத்துக்கு ஆங்கில ஒலியையே தமிழாக்கிய சொல். இன்றைய தனித்தமிழ் அன்பர்கள் முகஞ் சுளிப்பர். ஆயினும் அச்சொற்களைக் கொண்டு படித்தவர்கள் நோயாளரின் படுக்கையருகே நின்று பேசினார்கள், நோயாளருக்கு விளங்கிற்று.

இன்று நம்மிடையே சொல் இல்லை என்பதன்று குறை. இருப்பவை ஒன்றோடொன்று ஒவ்வாமையே குறை. நாம் குருதியமுக்கம் என்பதைத் தமிழகத்தார் இரத்த அழுத்தம் என்பர். சலரோகம், நீரிழிவு, சீனி வருத்தம், சர்க்கரை வியாதி யாவும் ஒன்றே. 'எனக்கு வருத்தம்' என்று நம்மவர் சொன்னால் நோய் என்று பொருள். சென்னையில் சொன்னால், மனக்கவலைக்குக் காரணம் யாதென்று வைத்தியர் வினாவுவார். சூடாமணியாருக்கு இன்னும் வேலையிருக்கின்றது.

சென்ற தவணையிலே பண்டித வகுப்பு மாணவர்களிடம் ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். கரும்பலகையில் 8480-6 என்று எழுதினேன். குருதியமுக்கம் அளக்கும்போது மேலே எழுதும் எண்ணுக்கு, அஃதாவது இருதயம் சுருங்கும்போது உள்ள அமுக்கத்துக்கு, லோயிங்க் தரும் அடையாளம் அது. 'இதன் எதிரே எழுதத்தக்க தமிழ்ப் பெயர் ஒன்று தருக. உங்கள் ஆச்சிக்கு விளங்கவேண்டும்' என்றேன். பதினொரு பேர் எழுதித் தந்தார்கள். எட்டுப் பெயர்கள் வந்தன. சுருங்கலமுக்கம், சுருக்கழுத்தம், இருதயச் சுருக்க அமுக்கம், உயரமுக்கம் என்று இவ்வாறாக. ஒரு மாணவி மாத்திரம் தாளை வெறுமையாக வைத்திருந்து, மறுநாள் ஆச்சியிடமே கேட்டு வந்து எழுதினாள்: 'மேல் பிறசர்.' வகுப்புச் சிரித்தது. அன்று முழுவதும் அச்சொல்லின்மேல் வாதம் நடந்தது; இலக்கணப் பாடம் நடக்கவில்லை.